பாஸ் பிடிக்க ஃபிஷ் ஃபைண்டர் எந்த அளவுக்குத் தேவை?

கயாக்_டல்லாஸ்:
போறது பெரும்பாலும் டெக்சாஸ்ல லூயிஸ்வில், ரே ராபர்ட்ஸ் ஏரிகள். எப்பவாவது லேக் ஃபோர்க். மோட்டார் இல்லாத, காலால மிதிச்சு ஓட்டுற சின்னப் படகு (பெடல் கயாக்)தான், குறி லார்ஜ்மவுத் பாஸ் மீன் மட்டும். ஒலி அனுப்பி தண்ணிக்கடியில இருக்கிறதைக் காட்டுற, 5 அங்குலத் திரை உள்ள சாதாரண சோனார் போதுமா, இல்ல காசு சேர்த்து, மீன் அசையிறதை நேரலையா காட்டுற லைவ்ஸ்கோப்புக்கே போயிடலாமா? இன்னொரு சந்தேகம்: நண்பர்கிட்ட வாங்கிப் பார்த்த மெஷின்ல திரை முழுக்க மீன், ஆனா ஒண்ணும் கடிக்கல. எங்க தப்பு?

ஏரிக்கரையான்:
முதல்ல செட்டிங்ஸ்ல போய், மீன் இருக்குன்னு படம் போடுற ஃபிஷ் ஐடியை அணைச்சிடுங்க. தண்ணில மிதக்குற இலை, குமிழி, பாசி நுனி எல்லாத்துக்கும் அது மீன் பொம்மை போடும். அணைச்சிட்டா வளைவுகள் மட்டும் தெரியும். சோனார் ஒலி கீழ கூம்பு மாதிரி விரியும், மீன் அந்தக் கூம்போட ஒரு ஓரத்துல நுழைஞ்சு மறு ஓரத்துல வெளியேறினாத்தான் முழு வளைவு வரும். கயாக் நின்னு, மீனும் நின்னா நீளக் கோடுதான். அதனால நீளத்தை வெச்சு மீன் பெருசுன்னு முடிவு பண்ணாதீங்க, தடிமனைப் பாருங்க.

தெரியிற மீனெல்லாம் பாஸும் இல்ல. அந்த ஏரிகள்ல ஷாட் (பாஸ் தின்கிற சின்ன மீன்), கிராப்பி, வெள்ளை பாஸ், டிரம் எல்லாம் உண்டு. ஷாட் கூட்டம் பஞ்சுப் பொதி மாதிரி தெரியும். அந்தப் பொதி ஒரு பக்கம் பிய்ஞ்சு, கீழிருந்து சாய்வா தடிச்ச கோடுகள் ஏறிச்சுன்னா ஏதோ வேட்டையாடுது. அங்க தூண்டில் போடலாம். தரைக்கு மேல அசையாம வரிசையா நிக்கிற வளைவுகளோட மல்லுக்கட்டாதீங்க.

அடுத்தது கூம்புக் கணக்கு. 200 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 20 டிகிரி. அதாவது நீங்க பார்க்கிற வட்டத்தோட அகலம் ஆழத்துல மூணுல ஒரு பங்கு. 20 அடியில 7 அடி வட்டம், 5 அடித் தண்ணில 2 அடி கூட வராது. வசந்த காலத்துல பாஸ் முட்டையிட கரையோரம் வரும்போது படகுக்கு நேர் கீழ பார்க்கிற சோனார் மீனைக் காட்டாது, கயாக் தலைக்கு மேல வர்றதுக்குள்ள அது ஓடியிருக்கும். அப்ப பிரயோஜனப்படுறது அதே மெஷின் காட்டுற நீரோட வெப்பநிலைதான். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினதும் கரையைப் பிடிச்சு எறிய ஆரம்பிங்க.

ஆழம்_பாப்போம்:
மேல சொன்னது சரி, ஆனா கோடைக்குப் பொருந்தாது. ஜூலை, ஆகஸ்ட்டில் சோனார் இல்லாமல் நடு ஏரியில் எறிவது குருட்டாம்போக்கு. தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து, மேலே உள்ள வெதுவெதுப்பான நீரும் கீழே உள்ள குளிர்ந்த நீரும் பிரியும் தெர்மோகிளைன் அடுக்குக்குக் கீழே ஆக்சிஜன் குறைந்துவிடும், பாஸ் அங்கே தங்காது. மெஷினின் சென்சிட்டிவிட்டியை (மெல்லிய எதிரொலியையும் காட்டும் அளவை) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். எங்கே போனாலும் ஒரே ஆழத்தில் மங்கலான பட்டை ஒன்று தொடர்ந்து வந்தால் அதுதான் அந்த அடுக்கு. உதாரணத்துக்கு அது 20 அடியில் இருந்தால், 25 அடியில் கிடக்கும் அருமையான மரக்குவியலும் வீண். 12லிருந்து 18 அடிக்குள் வரும், தண்ணீருக்கடியில் நீண்டிருக்கும் நில முனைகள், பழைய ஓடை வளைவுகள் ஆகியவற்றை வரைபடத்தில் அந்த ஆழத்துக்கு மட்டும் நிறம் கொடுத்துத் தேடுங்கள். ஏரியில் முக்கால்வாசி இடம் அப்போதே கழிந்துவிடும்.

என் கணக்கில் மீனைக் காட்டுவதைவிட இப்படி இடத்தைக் கழித்துக் கொடுப்பதுதான் மெஷின் செய்யும் பெரிய வேலை. அதனால் வெறும் கீழ்நோக்கிய சோனாரை விட, படகின் இரண்டு பக்கமும் பார்க்கும் சைடு இமேஜிங்கும் வரைபடமும் சேர்ந்ததை வாங்குங்கள். சைடு இமேஜிங்குக்கு 455 கிலோஹெர்ட்ஸ், பக்கத்துக்கு 60லிருந்து 80 அடி, மணிக்கு 3 மைல் வேகம் வையுங்கள். பெடல் கயாக்குக்கு அது முடியும். நேராகப் போங்கள், திரும்பும்போது படம் இழுபட்டுக் கெடும். மரக்குவியல் தெரிந்தால் கர்சரை அதன்மேல் நகர்த்திக் குறியுங்கள். பட்டனை மட்டும் அமுக்கினால் கயாக் இருக்கும் இடம்தான் பதிவாகும், குவியல் 50 அடி தள்ளி இருக்கும். பிறகு அதன் மேலே போய் நிற்காமல், தள்ளி நின்று எறியுங்கள்.

தக்கை:
ஜார்ஜ் பெர்ரி 1932ல ஜார்ஜியாவுல பிடிச்ச 22 பவுண்டு 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத்துக்கு எந்த மெஷின் இருந்துச்சு? இன்னைக்கும் அந்த எடையை யாரும் தெளிவா மிஞ்சல.

ஆழம்_பாப்போம்:
ஒரு மீனை வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது, அண்ணே. 2009ல் அதைச் சமன் செய்த மீன் ஜப்பானின் பிவா ஏரியில் வந்தது, அதுவும் எதையும் நிரூபிக்காது. லைவ் சோனாரின் பலத்தைப் பார்க்கப் போட்டி விதிகளைப் பாருங்கள். லைவ்ஸ்கோப் வந்தது 2018ல். 2025ல் பாஸ் ப்ரோ டூர் என்ற அமெரிக்க மீன்பிடிப் போட்டித் தொடரில் நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் லைவ் சோனாருக்கு அனுமதி இருந்தது. அதே ஆண்டு பாஸ்மாஸ்டர் எலீட் என்ற இன்னொரு தொடரில் ஒரே ஒரு லைவ் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்), எல்லாத் திரையும் சேர்த்து 55 அங்குலம் என்று வரம்பு இருந்தது. உபயோகமில்லாத பொருளுக்கு யாரும் கடிவாளம் போட மாட்டார்கள். லேக் ஃபோர்க்கில் நிற்கும் மரங்களுக்கு நடுவே, தரையிலும் இல்லாமல் கரையிலும் இல்லாமல் தொங்கும் குளிர்கால பாஸுக்கு அதற்கு ஈடில்லை. ஜிக் (எடையுள்ள செயற்கை இரை) இறங்குவதும், மீன் திரும்புவதும், பின்தொடர்ந்து வந்து விலகுவதும் அப்படியே தெரியும்.

ஆனால் உங்கள் கயாக்குக்கு இப்போது வேண்டாம். கற்றையின் அகலம் 20 டிகிரிதான், 40 அடி தள்ளி 14 அடி அகலம். காற்றில் கயாக் திரும்பினால் மீன் திரையிலிருந்து போய்விடும். ஒரு கையில் டிரான்ஸ்டியூசர் மாட்டிய கம்பத்தைத் திருப்பிக்கொண்டே எறிய வேண்டும். அடர்ந்த பாசிக்குள்ளும் ஒன்றும் தெரியாது.

ஏரிக்கரையான்:
மாட்டும்போது ஒண்ணு கவனிங்க. சாதாரண சோனாருக்கு டிரான்ஸ்டியூசரை கயாக்குக்குள்ளயே களிமண் மாதிரி இருக்கிற டக்ட் சீல்ல அழுத்தி ஒட்டலாம், நடுவுல காத்துக் குமிழி மட்டும் சிக்கக்கூடாது. சைடு இமேஜிங்குக்கு அது ஆகாது, கட்டாயம் வெளியில தண்ணில இருக்கணும். உள்ள ஒட்டினா வெப்பநிலையும் தப்பா வரும். 5 அங்குலத் திரைக்கு 12 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் ஒரு நாளைக்குத் தாங்கும். பாசிட்டிவ் ஒயர்ல, பேட்டரிக்குப் பக்கத்துலயே, மெஷின் கையேட்டுல சொன்ன அளவு ஃபியூஸ் போடுங்க.