வீட்டில் சொல்லாமல் விசுவாசியாக இருக்கலாமா?

பிறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவில், பினாங்கு பிறையில் இருக்கிறேன், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில். வீட்டில் எல்லோரும் இந்துக்கள், நான் ஒரே பையன், ஒரு தங்கச்சி. மூன்று வருஷமாக இயேசுவை நம்புகிறேன். ஞானஸ்நானம் இன்னும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவது வீட்டுக்குத் தெரியாது, ஃபுட்சால் ஆடப் போகிறேன் என்று சொல்லி, ஷூவையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன்.

போன தைப்பூசத்தில்தான் சிக்கல். முந்தின நாள் ரதம் டத்தோ கிராமாட் பக்கம் வரும்போது வருஷா வருஷம் நாங்கள் 108 தேங்காய் உடைப்போம், நான் பிறந்தபோது அப்பா வேண்டிக்கொண்டது. கோணிப்பையை இறக்கியது, மஞ்சள் தண்ணீரில் கழுவியது, அடுக்கியது எல்லாம் நான்தான். ரதம் கிட்ட வந்ததும் அப்பா முதல் தேங்காயை என் கையில் கொடுத்தார். ஈரமாக இருந்தது. கை மேலே போகவே இல்லை. தோள் வலிக்கிறது என்று சொல்லி தங்கச்சியிடம் கொடுத்துவிட்டேன்.

பாஸ்டரிடம் சொன்னதற்கு, வாயினால் அறிக்கை பண்ணாத விசுவாசம் விசுவாசமே இல்லை, அடுத்த தைப்பூசத்துக்குள் சொல்லிவிடு என்கிறார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. சட்டப்படி எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, அடையாள அட்டையான மைகார்டில்கூட முஸ்லிம்களுக்கு மட்டும்தான் மதம் போட்டிருக்கும், நம்மை யாரும் கேட்கப்போவதில்லை. யாரும் கேட்காதபோது நானாகப் போய்ச் சொல்லத்தான் வேண்டுமா? சும்மா இருந்தால் அது மறுதலித்ததாகிவிடுமா?

செந்தூல் அண்ணன்:

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும். மத்தேயு 10:32, 33 எடுத்துப் பார். அறிக்கை பண்ணுகிறவன், மறுதலிக்கிறவன், இந்த இரண்டு பேர்தான் அங்கே இருக்கிறார்கள், சும்மா இருக்கிறவன் என்று மூன்றாவது ஆள் கிடையாது. யோவான் 12:42-ஐயும் படி. அதிகாரிகளிலேயே நிறைய பேர் நம்பினார்கள், ஆனால் ஜெப ஆலயத்தை விட்டுத் தள்ளிவிடுவார்களே என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அடுத்த வசனம் அவர்களைப் பாராட்டவில்லை.

நான் 1998-ல் வீட்டில் சொன்னேன். அப்பா இரண்டு வருஷம் என்னை உள்ளே விடவில்லை. அம்மா கேட் கம்பி வழியாகச் சோற்றுப் பொட்டலத்தை நீட்டுவார், அப்பா வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. பெரும்பாலும் புளிச்சோறுதான், சீக்கிரம் கெட்டுப்போகாது என்று. அப்பா கடைசிவரை சபைக்கு வரவில்லை, ஆனால் என் கல்யாணத்துக்கு வந்தார், முதல் வரிசையில் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலிக்காது என்று சொல்ல மாட்டேன். தள்ளிப்போட்டால் வலி குறையும் என்று மட்டும் நினைக்காதே.

மறைக்கல்வி டீச்சர்:

நான் கத்தோலிக்கம், புக்கிட் மெர்தாஜாம். அண்ணன் சொன்ன வசனங்களை மறுக்கவில்லை, ஆனால் அரிமத்தியா யோசேப்பை விட்டுவிட்டார். யோவான் 19:38-லேயே இருக்கிறது, பயத்தினால் அந்தரங்கச் சீடராக இருந்தவர். பன்னிரண்டு சீடரில் பெரும்பாலானோர் ஓடிப்போன அன்றைக்கு ரோம ஆளுநர் பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்டது அவர்தான்.

13-ம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் இந்தக் கேள்வியை எடுத்துப் பேசியிருக்கிறார். விசுவாசத்தை அறிக்கையிடுவது மீட்புக்குத் தேவைதான், ஆனால் எல்லா நேரத்திலும் எல்லா இடத்திலும் அல்ல என்கிறார். சொல்லாமல் விடுவதால் கடவுளுக்குரிய மரியாதையோ அடுத்தவருக்குக் கிடைக்க வேண்டிய நன்மையோ கெட்டுப்போகும் என்றால் அப்போது சொல்லியே ஆக வேண்டும். உதாரணத்துக்கு, ஒருவர் நேராகக் கேட்கிறார், நீங்கள் பேசாமல் நிற்பதைப் பார்த்து இவனுக்கு நம்பிக்கையே இல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார் என்றால். மற்ற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் இல்லை. மறுதலிப்பது மட்டும் எப்போதுமே கூடாது.

ஆனால் தம்பி, உங்களைத் தப்பிக்க விடவும் முடியவில்லை. 250-ம் வருஷம் ரோம மன்னன் டேசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துச் சான்றுச் சீட்டு வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் ஊரை விட்டுப் போய் மறைந்துகொண்டு, அங்கிருந்தே கடிதம் எழுதி சபையைப் பார்த்துக்கொண்டார். கோழை என்று பேசினார்கள். 258-ல் அதே மனிதர் அதிகாரி முன்னால் நான் கிறிஸ்தவன் என்று சொல்லி, தலை வெட்டப்பட்டு இறந்தார். ஆக, ஒளிந்துகொண்டதைத் திருச்சபை குற்றமாக வைக்கவில்லை. ஆனால் சிலர் பலியும் கொடுக்காமல், காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள் பாருங்கள், அவர்கள் தவம் செய்ய வேண்டியிருந்தது. உங்கள் ஃபுட்சாலும் தோள்வலியும் எனக்கு அந்தச் சீட்டு மாதிரிதான் தெரிகிறது.

கப்பளா பத்தாஸ்:

தேங்காயைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2 இராஜாக்கள் 5:18 பாருங்கள். கர்த்தரை நம்ப ஆரம்பித்த சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் ராஜாவோடு ரிம்மோன் கோவிலுக்குப் போய்க் குனிய வேண்டியிருக்கிறதே, கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா திட்டவில்லை, சமாதானத்தோடே போ என்றுதான் அனுப்பினார். தேங்காய் சுமந்ததற்காக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செந்தூல் அண்ணன்:

நாகமான் கேட்டுவிட்டுத்தானே போனான், மறைத்துவிட்டுப் போகவில்லையே. அப்புறம் டீச்சர், அந்தச் சீட்டு விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல உதாரணம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

நான் இந்து. உங்கள் வசனத்துக்குள் எல்லாம் நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். என் தம்பி இதே மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மூன்று வருஷம் சர்ச்சுக்குப் போயிருக்கிறான். ஓவர்டைம் போகிற பிள்ளை பசியோடு இருக்குமே என்று அம்மா ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணிக்கு எழுந்து நாசி கோரெங் பிரட்டி டப்பாவில் போட்டுக் கொடுப்பார், முட்டை தனியாக, ஊறிவிடக் கூடாது என்று. கடைசியில் யாரோ ஃபேஸ்புக்கில் போட்ட ஞானஸ்நானப் படத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாமா ஒருவர் குடும்ப வாட்ஸ்அப்பில் அதைப் போட்டார், தலைப்பு வேறு கொடுத்து. அம்மா அவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கேட்கவே இல்லை. "அந்த டப்பாவை எங்கடா உக்காந்து சாப்பிட்ட?" என்றுதான் கேட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு எல்லாம் சரியாகிவிட்டது, தீபாவளிக்கு வருகிறான், திருநீறு பூசிக்கொள்ள மாட்டான், யாரும் கேட்பதும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமைப்பதை மட்டும் அம்மா நிறுத்திவிட்டார்.

உங்கள் பாஸ்டர் தேதி குறிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் தேதிக்கு முன்னால் வேறு யாராவது சொல்லிவிடப் போகிறார்கள், பினாங்கு ரொம்பச் சின்ன ஊர்.

பிறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் அம்மா ஷூவைத் துவைத்து வெயிலில் காயவைப்பார், மண்ணே ஒட்டாத ஷூவை.

நேற்று ராத்திரி தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை, ஏதோ இருக்கிறது என்று தெரியுமாம், ஃபுட்சாலுக்குப் போகிறவன் எதற்குச் சட்டையை இஸ்திரி போடுகிறான் என்று யோசித்திருக்கிறாள், காதல் விவகாரம் என்று நினைத்தாளாம். இந்த வாரம் வீட்டில் சொல்லிவிடலாம், நானும் பக்கத்தில் உட்காருகிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "அப்போ அப்பாவுக்குக் கொள்ளி யாருண்ணே வைப்பா?" என்று கேட்டாள்.

முதலில் அம்மா அழுவதைப் பற்றித்தான் நினைத்திருந்தேன், இது என் மண்டையில் ஏறவே இல்லை. அப்பா கேட்கிற முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். நான் ஒரே பையன். செந்தூல் அண்ணே, உங்கள் அப்பாவுக்கு என்ன செய்தீர்கள்? சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள்.