தோப்புக்குப் பழைய மினி டிராக்டர்: மஸ்கட் அண்ணனுக்கும் மத்தவங்களுக்கும்

வணக்கமுங்க எல்லாருக்கும்.

கேரளா–தமிழ்நாடு எல்லையில, வேலந்தாவளம் பக்கத்து நாலு ஏக்கர் தோப்புக்கும் வீட்டைச் சுத்தியிருக்கற காலி இடத்துக்கும் பழைய மினி டிராக்டர் ஒண்ணு போதுமா, எதை வாங்கறதுன்னு மஸ்கட்ல இருக்கற அண்ணன் கேட்டிருந்தாரு. இந்த விசயத்துல நான் ஒரு தடவை தப்பாவும் ஒரு தடவை சரியாவும் வாங்கியிருக்கேன். அதனால விவரமாவே எழுதறேன்.

அண்ணா, மொதல்ல ஓட்டப்போற ஆள் யாருன்னு முடிவு பண்ணுங்க. வெளிநாட்டுல இருக்கற நாம ஊர்ல இருக்கறது வருசத்துக்கு இருபது நாள். எங்க வீட்ல ஓட்டறது அப்பாதான், 67 வயசு. அதை யோசிக்காம, போட்டோவைப் பார்த்து 35 எச்பி வண்டி ஒண்ணை இங்கிருந்தே பேசி முடிச்சு அனுப்பினேன். கிளட்ச் அழுத்தி அழுத்தி அவருக்கு முட்டி வீங்கிப் போச்சு. கோகோ வரிசையில திருப்ப முடியாம நாலு செடி ஒடிஞ்சுது, சொட்டுநீர்க் குழாயும் கிழிஞ்சுது. அப்புறம் வண்டி கொட்டாயிலயே நின்னுது. அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மூணு மாசம் கழிச்சு அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்பவும் நினைச்சா மனசு சங்கடமாயிருக்கு.

தென்னைக்கு நடுவுல 25 அடி இருக்கே, பெரிய வண்டியே போகுமேன்னு தோணும். வெறும் தென்னைன்னா போகும். நடுவுல வாழையும் கோகோவும் வெச்சிருந்தா நாலடி அகல வண்டிதான் தோது. மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 ரெண்டும் 15 எச்பி, ஒத்தை சிலிண்டர். விலை தணிவு, ஆனா அதிர்வு ஜாஸ்தி. விஎஸ்டி சக்தி 180டி 18.5 எச்பி, மூணு சிலிண்டர்; வயசானவங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து ஓட்டலாம். நாங்க ரெண்டாவதா வாங்கினது இதுதான். கரிசல் நிலம்னா மழை பேஞ்ச மறுநாள் பின்சக்கரம் மட்டும் இழுக்கற சின்ன வண்டி நின்ன இடத்துலயே சுத்தும். அப்படி நிலம் இருக்கறவங்க குபோட்டா பி2441 மாதிரி 24 எச்பி, நாலு சக்கரமும் இழுக்கற வண்டியா பாருங்க. எதுவானாலும் கொழிஞ்சாம்பாறையிலயோ பொள்ளாச்சியிலயோ அதுக்குப் பார்ட்ஸ் கிடைக்குதான்னு விசாரிச்சிட்டு அட்வான்ஸ் குடுங்க.

இப்ப வண்டி பார்க்கற விதம். காலையில போங்க. போனதும் இஞ்சின் மேல கையை வெச்சுப் பாருங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. இன்னொரு நாள் வர்றோம்னு திரும்பிருங்க. குளிர்ந்த இஞ்சின் எப்படி எந்திரிக்குதுங்கறதுலயே பாதி தெரிஞ்சிரும். ஓடிட்டு இருக்கும்போது ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டுங்க. குபுகுபுன்னு புகை தள்ளுச்சுன்னா உள்ளே பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருச்சு. ஆஃப் பண்ணி ஆறினப்புறம் ஏர் ஃபில்டர்ல இருந்து இஞ்சினுக்குப் போற ரப்பர் குழாயைக் கழட்டி உள்ளே விரலை விட்டுத் தடவுங்க. எங்க மெக்கானிக் ஒரு வண்டியில அப்படித் தடவி என்கிட்ட விரலை நீட்டினாரு: முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி நைசா செம்மண். வெளியில பளபளன்னு பெயின்ட், உள்ளே இஞ்சின் தூசியைத் தின்னுட்டு இருந்திருக்கு.

அவர் மீட்டர்ல மணிக்கணக்கைப் பார்க்கவே இல்லை. மீட்டரை மாத்தறவங்க பெடல் ரப்பரை மாத்த மறந்திருவாங்கன்னு சொல்லி, குனிஞ்சு பெடலைத்தான் பார்த்தாரு. நெல் வயல்ல சேத்துழவு ஓட்டின வண்டின்னா இன்னும் கவனம் வேணும். நாலு சக்கரமும் இழுக்கற வண்டியில முன் ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தா, பால் கலந்த டீ மாதிரி இருந்தா சீல் போய்த் தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம். வண்டிக்குப் பின்னாடி மாட்டி மண்ணைக் கிளறற ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள தரையில உக்காந்திருந்தா ஹைட்ராலிக்குக்குச் செலவு இருக்கு.

நமக்குன்னே ஒரு தலைவலி, பேப்பர். நம்ம பக்கம் விலைக்கு வர்ற வண்டியில பாதி டிஎன் 41, தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி நம்பர். கேஎல் 70க்கு, அதாவது கேரளாவுல நம்ம சித்தூர் நம்பருக்கு மாத்த அங்கிருந்து தடையில்லாச் சான்று வேணும், 28-ம் நம்பர் படிவம். வெளி மாநில நம்பரோட 12 மாசத்துக்கு மேல கேரளாவுல வெச்சிருந்தா மறுபதிவு பண்ணியே ஆகணும்னு 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுது. ஆர்சி புக்குல ஃபைனான்ஸ் பேர் இருந்தா, கடன் தீர்ந்ததுக்கு 35-ம் நம்பர் படிவம் கைக்கு வந்தப்புறம் மீதிப் பணத்தைக் குடுங்க. "அப்புறம் வாங்கித் தர்றேன்"னு சொன்ன ஒருத்தர் பின்னாடி எங்க மாமா ஒரு வருசம் நடந்தாரு.

உழவு ஆழமா போக வேண்டாம். மரத்தைச் சுத்தி ஆறடிக்கு ரோட்டவேட்டர் படவே கூடாது, தீனி எடுக்கற வேர் அங்கதான் இருக்கு. அந்த வட்டத்தை மம்முட்டியிலயே கொத்திக்கலாம்.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் தயவு செஞ்சு யாரும் விட்டுராதீங்க. பழைய வண்டியில பெரும்பாலும் பிடிஓ ஷாஃப்ட்டுக்கு, அதாவது ரோட்டவேட்டரைச் சுத்த வைக்கற பின்பக்கத் தண்டுக்கு, மூடி இருக்காது. அது நிமிசத்துக்கு 540 சுத்து, ஒரு நொடிக்குள்ள ஒன்பது சுத்து. நம்ம அப்பாக்கள் எல்லாம் வேட்டி, தோள்ல துண்டு. நுனி மாட்டினா ஆளையே இழுத்துரும். மூடி போட்டப்புறம்தான் எங்க வண்டி தோப்புக்குள்ள இறங்குச்சு.

சித்திரையில நான் ஊர்ல இருப்பேன். அண்ணன் ஏதாச்சும் வண்டி பார்த்து வெச்சிருந்தா மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்துட்டு வர்றேன். விக்கறவங்ககிட்ட, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு மட்டும் சொல்லி வெச்சிருங்க.