நிழற்பலகணி: காமாக்கதிர்த் தொலைநோக்கியின் ‘கோடெட் மாஸ்க்’ குறித்து

அன்புடையீர், வணக்கம்.

காமாக்கதிர்த் தொலைநோக்கியில் உணரிகளுக்கு மேலே நிற்கும், கதிரைத் தடுக்கும் சில்லுகள் பதித்த தகட்டை ஆங்கிலத்தில் ‘கோடெட் மாஸ்க்’ என்பர். நம் கலைச்சொற் பட்டியலுக்காக அதற்கு இதுவரை முன்வைக்கப்பட்ட குறிமுறை முகமூடி, குறியீட்டு மறைப்பு, கதிர்ச்சல்லடை ஆகிய மூன்று தமிழ்ச் சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். முதலிரண்டும் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைத்தவை; முகமூடி என்றதும் படிப்பவர் தொலைநோக்கியின் வாயை மூடும் உறை என்றே கொள்வார். மூன்றாவது, பொருளை நெருங்கி வந்து தவறிவிடுகிறது. சல்லடை பருமனையும் நுண்மையையும் பிரிப்பது. இக்கருவி அவ்வாறு எதையும் சலிப்பதில்லை.

அது செய்வது நிழல் வீழ்த்துவது. காமாக்கதிர்களை ஒளியைப் போல வில்லையாலோ சாதாரண ஆடியாலோ குவிக்க இயலாது. அவை ஊடுருவிச் செல்லும், அல்லது உட்கவரப்படும். ஆகவே, 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட ஸ்விஃப்ட் விண்கலத்தில், 5 மில்லிமீட்டர் சதுரமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட காரீயச் சில்லுகள் 50,000-க்கும் மேற்பட்டவை ஒரு பரப்பில் பதிக்கப்பட்டு, ஏறத்தாழப் பாதியிடம் திறந்து விடப்பட்டுள்ளது. அதற்கு 1 மீட்டர் கீழே, காட்மியம்–துத்தநாக–டெல்லூரைடாலான 32,768 உணரிகள் வரிசையாக நிற்கின்றன. வானில் ஒரு காமாக்கதிர் வெடிப்பு (திடீரெனத் தோன்றி மறையும் காமாக்கதிர் வீச்சு) நிகழ்ந்தால் சில்லுகளின் நிழல் உணரிகள்மீது விழும். கதிர் வரும் திசை 1 பாகை மாறினால் நிழல் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நகரும், அதாவது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரிகளில் நான்கைத் தாண்டிவிடும். நகர்ந்த அளவைக் கொண்டு கணினி திசையைக் கணக்கிடுகிறது. விண்கலம் தானே திரும்பித் தன் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியை அங்கு நாட்டுவதற்கு இந்தத் திசையே ஆதாரம்.

எனவே ‘நிழற்பலகணி’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். பல கண்களை உடையது பலகணி, அதாவது சன்னல். துளையைக் கண் என்பது வலைக்கண், சல்லடைக்கண் என்று இன்றும் பேச்சில் வழங்குவதால், சொல்லை உருவாக்கும்போது புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. வெயிலில் பலகணியின் நிழல் தரையில் நகர்வதைக் கண்டவருக்கு விளக்கம் பாதி முடிந்துவிடும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு; அதை நானே சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பலகணியின் கண்கள் சீரானவை. சீரான கண்களாயின், நிழல் ஒரு கட்டம் நகர்ந்தாலும் முன்னிருந்தது போலவே தோன்றும், திசை குழம்பிவிடும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு தனி நிழல் அமைய வேண்டும் என்பதற்காகவே சில்லுகள் முறையின்றிச் சிதறடிக்கப்பட்டுள்ளன. ‘கோட்’ என்னும் ஆங்கில அடைமொழி குறிப்பது இதைத்தான். என் சொல்லில் அந்தக் கூறு வெளிப்படவில்லை என்பது உண்மை. ஆயினும் அதைச் சேர்த்து ‘ஒழுங்கில் நிழற்பலகணி’ என்று நீட்டினால் எவரும் எழுத மாட்டார். அதனை வரையறையில் வைப்பதே தகும் என்று கருதுகிறேன்.

இதனோடு தொடர்புடைய, வெடிப்பு வானில் எங்கிருந்து வந்தது என்று அறிவதைக் குறிக்கும் ‘லோக்கலைசேஷன்’ என்பதற்கு ‘இடங்காணல்’ என்ற பரிந்துரையையும் ஏற்கத் தயங்குகிறேன். நிழல் தருவது திசை மட்டுமே. தொலைவை அது சொல்லாது. 1991 முதல் 2000 வரை காம்ப்டன் ஆய்வுக்கலத்தின் பேட்ஸி கருவி 2,704 வெடிப்புகளைப் பதிந்தது; அவை வானெங்கும் சீராகப் பரவியிருப்பதும் தெரிந்தது. ஆனால் அவை நம் பால்வழியைச் சூழ்ந்தவையா, அதற்கு மிகவும் அப்பாற்பட்டவையா என்னும் பூசல், 1997 மே 8 அன்று தோன்றிய வெடிப்பின் பின்னொளியில் (வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியில்) செம்பெயர்ச்சி, அதாவது தொலைவை உணர்த்தும் அலைநீள நீட்சி, அளக்கப்பட்ட பிறகே தீர்ந்தது. திசை தெரிந்தும் இடம் தெரியாதிருந்த அந்த ஆண்டுகளை நினைத்தால், ‘திசைகாணல்’ என்பதே நேர்மையான சொல்லாகப் படுகிறது.

வெடிப்பு நிகழ்ந்தது என்று மட்டும் அறியும் ‘கண்டறிதல்’ இதினின்றும் வேறு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டிலும் டாண்டலத் தகட்டாலான ஒரு நிழற்பலகணி உண்டு. எனினும் அதில் பதிவாகும் வெடிப்புகளுள் பெரும்பாலானவை அதன் வழியாக வருவனவல்ல. 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய கதிர்கள் கருவியின் பக்கச் சுவர்களையே துளைத்து நுழைந்துவிடுகின்றன. வீட்டுக்குள் ஆள் வந்தது தெரிகிறது, சன்னல் வழியாக வரவில்லை என்பதும் தெரிகிறது, அவ்வளவே.

பட்டியலில் இவ்வாறு பதியலாம் என்பது என் கருத்து: நிழற்பலகணி — காமா அல்லது வன் எக்ஸ்-கதிர்களின் வருதிசையை, உணரிகள்மீது விழும் நிழலைக் கொண்டு அறியுமாறு, கதிரைத் தடுக்கும் சில்லுகளும் திறப்புகளும் முறையின்றி அமைந்த தகடு.