மூப்பர் பதவி ஆயுளுக்குமா?

சித்தூர் மூப்பர் மகன்:
சபையை நிர்வகிக்கும் மூப்பர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதினார். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மூப்பர் என்ன பஞ்சாயத்துத் தலைவரா, தேர்தல் வந்ததும் வீட்டுக்கு அனுப்ப? கைவைத்து ஜெபித்து ஏற்படுத்தியவரை இறக்க நீங்கள் யார்? என் அப்பா 28 ஆண்டாக மூப்பர். ஆற்காட்டு மிஷன் நமக்குக் கொடுத்த, மூப்பர்கள் வழியே சபையை நடத்தும் பிரஸ்பிட்டேரியன் மரபு அது. ஆயுளுக்கும்!

குடிபாலா கணக்கர்:
எழுதியவன் நான்தான். ஆற்காட்டு மிஷனை நீங்களே இழுத்துவிட்டீர்கள், கேளுங்கள். 1853இல் அதைத் தொடங்கிய ஸ்கட்டர் சகோதரர்கள் அமெரிக்காவிலிருந்த டச்சு சீர்திருத்த சபையார். அந்தச் சபைக்கு அடிப்படை 1619ஆம் ஆண்டின் டார்ட் ஒழுங்கு, நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைப் பேரவை வகுத்த சட்டம். அதில் மூப்பருக்கு இரண்டு ஆண்டு. ஆண்டுதோறும் பாதிப்பேர் இறங்கிப் புதியவர்களுக்கு இடம்விட வேண்டும். எந்த மிஷன் ஆயுளுக்கும் என்றது?

பாலாற்றங்கரை:
டச்சுக்காரர் வீடு வேறு. பிரஸ்பிட்டேரியன் என்றால் ஸ்காட்லாந்து. அந்நாட்டுச் சபையின் சட்டநூலான 1578இன் இரண்டாம் ஒழுங்குப் புத்தகத்தைப் படியுங்கள் ஐயா. மூப்பர் ஒருமுறை ஏற்படுத்தப்பட்டால் ஆயுளுக்கும்.

குடிபாலா கணக்கர்:
அதே ஸ்காட்லாந்தின் 1560ஆம் ஆண்டு முதல் ஒழுங்குப் புத்தகம் ஆண்டுதோறும் தேர்தல் வேண்டும் என்கிறதே, அதை ஏன் விழுங்கினீர்கள்? சீர்திருத்தத் தலைவர் கால்வினின் ஜெனீவாவில் பன்னிரண்டு மூப்பர்கள் இருந்தார்கள். அவர்களையும் ஆண்டுக்கு ஆண்டுதான் தேர்ந்தெடுத்தார்கள்.

மதனப்பள்ளி அக்காள்:
தம்பிகளே, மூப்பர் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? பட்டமா, பணியா? அமெரிக்காவின் பெரிய பிரஸ்பிட்டேரியன் சபையில் பட்டம் ஆயுளுக்கும் நிற்கிறது, மூப்பர் மன்றத்தில் அமரும் காலம் மூன்று ஆண்டு. நாமோ 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபை. சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியைத் தேர்தல் வைத்துத்தானே அமைக்கிறோம்?

சித்தூர் மூப்பர் மகன்:
அக்காள், பெரியவர்களை அவமதிக்கிறவர்களுக்கு நீங்கள் துணை போகாதீர்கள். கணக்கரே, புத்தகம் பேசுகிறீர்களே, அறுப்புப் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்கு உங்கள் பெரியப்பா கேட்ட தொகை வந்து சேர்ந்ததா?

குடிபாலா கணக்கர்:
பூசணிக்காய்த் தொகைக்கு ரசீது இருக்கிறது. இப்போது பெட்டியைப் பற்றிப் பேசுவோம். காணிக்கைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆயரிடம், மற்றது உங்கள் வீட்டில், 28 ஆண்டாக. உங்கள் அப்பா கண் அறுவைக்குப் போனபோது மூன்று ஞாயிறு பெட்டி திறக்கவில்லை. அடைமழைக் காலம். நான்காம் ஞாயிறு திறந்தால் பத்து ரூபாய்த் தாள்கள் அப்பளம்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தவன் நான். ஏழை விதவைகள் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துப் போட்ட காசு அது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாவி கைமாறியிருந்தால் இந்த நிலை வருமா?

சித்தூர் மூப்பர் மகன்:
என் அப்பாவைத் திருடர் என்கிறீர்களா?

குடிபாலா கணக்கர்:
அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. இரண்டு ஆண்டு என்றுதான் சொன்னேன்.

பலமநேர் தாசு:
தமிழ் ஆராதனையில் ஏழு மூப்பர்கள். எங்கள் தெலுங்கு ஆராதனைக்கு ஒருவர்கூட இல்லை. 'பெத்தலு', அதாவது மூப்பர்கள், எங்களுக்கு வேண்டாமா? அதை யாரும் கேட்கவில்லையே!

பாலாற்றங்கரை:
தாசு, அது வேறு பேச்சு. 1578ஐ மறுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பலமநேர் தாசு:
எங்கள் பேச்சு எப்போதுமே உங்களுக்கு வேறு பேச்சுதான்.

மதனப்பள்ளி அக்காள்:
பட்டமா, பணியா? நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

சித்தூர் மூப்பர் மகன்:
ஞாயிறன்று ஆலயத்துக்கு வாருங்கள் கணக்கரே. அப்பா முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

குடிபாலா கணக்கர்:
வருகிறேன். ரசீது புத்தகத்தையும் கொண்டுவருகிறேன். நீங்கள் சாவியைக் கொண்டுவாருங்கள். டார்ட், 1619, இரண்டு ஆண்டு.