கிளிநொச்சி மாவட்டச் சனத்தொகை எதிர்வுகூறல்: வந்தவையையும் பிள்ளையளையும் எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி: 2012 குடிசன மதிப்பை அடியாக வைச்சு, 5 வருடப் படியிலை சனத்தொகை கணிக்கிறன். வெளிமாவட்டத்திலை பிறந்து வந்தவை, இஞ்சை பிறந்த அவையின்ர பிள்ளையள், மற்றவை எண்டு மூண்டாப் பிரிச்சால் சரியோ?

பதில் 1: சரி தம்பி. வந்தவையை வசிப்புக்காலத்தாலையும் (வந்து எத்தினை வருடம் எண்டு) உடையுங்கோ: 0–4, 5–9, 10உம் அதுக்கு மேலும். ஒவ்வொரு படியிலையும் வயதும் வசிப்பும் சேர்ந்து ஏறவேணும். பிறக்கிற பிள்ளை தாயின்ர வரியிலை இல்லை, அடுத்த தலைமுறை வரியிலை. எக்செலிலை கனபேர் வழுக்கிறது இதிலைதான்.

பதில் 2: வெளியேறும் வீதத்தை ஒண்டாப் போடாதேங்கோ. புதுசா வந்தவைதான் கூடப் போறவை. சராசரி போட்டால் அவையின்ர தொகை ஊதிப்போகும்.

பதில் 3: ஒரு பொறி. கிளிநொச்சி 1984 இலைதான் யாழ்ப்பாணத்திலையிருந்து பிரிஞ்சது. அதுக்கு முன்னம், இப்ப கிளிநொச்சிக்குள்ளை இருக்கிற பரந்தனிலை பிறந்தவர் 'யாழ்ப்பாணம்' எண்டு சொல்லியிருந்தால், மண்ணின் மைந்தனே வந்தவராகிவிடுவார்! வயதோடை வசிப்புக்காலத்தை ஒப்பிட்டுப் பாருங்கோ; இரண்டும் ஒண்டெண்டால் அவர் இஞ்சை பிறந்தவராத்தான் இருக்கும்.