முடியில் மெத்தில் மெர்க்குரி: பிரித்தெடுப்பதில் உதவி தேவை

வணக்கம். கடலோரக் கிராமத்துக் கர்ப்பிணிகளின் தலைமுடியில் மெத்தில் மெர்க்குரியை, அதாவது மீன் வழியாக உடலில் சேரும் பாதரச வடிவத்தை, அளந்துகொண்டிருக்கிறோம். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகள். கருவில் வளரும் மூளையைப் பாதிக்கும் நஞ்சு இது, அதனால் எண் சரியாக வந்தே ஆகவேண்டும்.

மொத்தப் பாதரசத்தில் பிரச்சினை இல்லை. என்ஐஇஎஸ் 13 என்ற ஜப்பானியச் சான்று மாதிரி (அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட தலைமுடித் தூள்), கிராமுக்கு 4.42 மைக்ரோகிராமை ஒட்டியே வருகிறது. சிக்கல் மெத்தில் வடிவத்தில்தான். அதே மாதிரியில் 3.8 வரவேண்டும், எங்களுக்கு 3-ஐத் தாண்டுவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, அதோடு கலக்காத கரைப்பானான டொலுயீனுக்கு மாற்றுகிறோம். இரண்டு அடுக்குக்கும் நடுவே திரிந்த பால்போல ஒரு வெண்படலம் நிற்கிறது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றினாலும் போவதில்லை. பாதரசம் அதற்குள் மாட்டிக்கொள்கிறது என்பது என் சந்தேகம். முடியின் புரதமான கெரட்டினில் இருக்கும் கந்தகம் அதை லேசில் விடாதே!

மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு மாறினால் தேவலையா? எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம் வைத்தால் மெத்தில் பிணைப்பு சிதையாமல் இருக்கும்? அப்புறம், அந்தப் படலத்தை உடைக்க வேறு வழி உண்டா? ஒவ்வொருவரிடமும் எடுத்தது வேர்ப்பக்கத்து 3 செ.மீ. மட்டுமே, ஏறக்குறைய 3 மாத வளர்ச்சி. அதை வீணாக்க மனமில்லை. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.