த்ரில்லர் ஓப்பனிங் 2 நிமிஷம், மிஸான்சீன் ப்ளான்ல எத வைக்கிறது எத தூக்குறது?

மாடிப்போர்ஷன்:

வணக்கம் மக்களே. மதுரைல விஸ்காம் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட்ல ஒரு த்ரில்லர் படத்தோட முதல் 2 நிமிஷம் மட்டும் எடுக்கணும், டைட்டில் விழற வரைக்கும். ஷூட்டுக்கு முன்னாடியே மிஸான்சீன் ப்ளான (ஃப்ரேம்ல தெரியற செட்டு, சாமான், லைட்டு, உடுப்பு, ஆள் நிக்கற இடம் எல்லாம்) தனியா எழுதிக் குடுக்கணும்னு மேம் சொல்லிட்டாங்க, அதுக்குத் தனி மார்க்.

கதை இதான்: நைட் ஷிப்ட் முடிச்சு ஒரு பொண்ணு காலைல வீட்டுக்கு வர்றா, தனியா இருக்கறவ, வந்து பாத்தா ராத்திரி யாரோ உள்ள இருந்திருக்காங்க, ஒருவேள இன்னும் உள்ளயே இருக்காங்களோ என்னவோ. லொகேஷன் ஃப்ரெண்டு வீட்டு மாடிப் போர்ஷன். சின்ன ஹாலு, கிச்சன், ஒரு ரூம், சுவரெல்லாம் பிஸ்தா பச்சை. கேமரா பழைய டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் லென்ஸ் ஒண்ணு இருக்கு, ரெண்டு எல்இடி லைட்டு வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம்.

இதுவரைக்கும் யோசிச்சு வச்சது: சிவப்பு லைட்டு, உடைஞ்ச கண்ணாடி, தரைல ரத்தம், கத்தி, மாஸ்க் போட்டவன் நிழல், சுவர்ல பேப்பர் கட்டிங் ஒட்டி சிவப்பு நூல் இழுத்து கட்டுனது. டீம்ல ஒருத்தி ஃபாக் மெஷின் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இன்னொருத்தன் இதெல்லாம் ஹாரர்டாங்கறான். கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

செட்ல ஆணி அடிக்கிறவன்:

ஆர்ட் டிபார்ட்மென்ட்ல அசிஸ்டன்ட்டா இருக்கேன்மா, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், கோச்சுக்காத. நீ எழுதுன எல்லாமே ஏற்கனவே நடந்து முடிஞ்ச கொலையோட சாமான். 2 நிமிஷத்துல ஆறையும் காட்டுனா பாக்கறவனுக்கு பயம் வராது, அடுத்து என்ன வரும்னு அவனே லிஸ்ட் போட ஆரம்பிச்சுடுவான்.

வீடு தெனமும் எப்படி இருக்கும்னு முதல்ல காட்டு. அப்பதான் ஒண்ணு இடம் மாறுனா உறைக்கும். தனியா இருக்கான்னு வசனத்துல சொல்லாத, வாசல்ல ஒரே ஜோடி செருப்பு, கொடில ஒருத்தரோட துணி, பாத்ரூம் ஷெல்ஃப்ல ஒத்த பிரஷ், இத பாத்தாலே புரிஞ்சுடும். அப்புறம் கிச்சன் மேடைல ஒரு டம்ளர் காபி. அவ போடல. மேல நுரை இன்னும் அடங்கல. ஏடு கட்டியிருந்தா ஆள் வந்துட்டு போயி நேரமாச்சு, நுரை நின்னா ஆள் இங்கதான் இருக்கான். நம்ம ஊர்ல யாருக்கும் இத விளக்க வேண்டியதே இல்ல.

இதுல ஒரு தொல்லை என்னன்னா நுரை டேக்குக்கு டேக் இறங்கிடும். ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் விட்டு ஆத்துனா ரொம்ப நேரம் நிக்கும், ஆனா அந்த டம்ளர யாரும் குடிச்சுத் தொலைக்காம பாத்துக்க ஒரு ஆள போடு. எவர்சில்வர் டம்ளர்னா இன்னொண்ணும் இருக்கு, உங்க லைட்டு, கேமரா, நீங்க நாலு பேரு எல்லாம் அதுல தெரிவீங்க. லேசா சோப்பு தடவி காயவிட்டா பளபளப்பு மங்கிடும்.

மாஸ்க்க பத்தி ஒண்ணு. நைட் ஷிப்ட் பொண்ணு ஸ்கூட்டில வந்தா துப்பட்டாவ கண்ணு மட்டும் தெரியற மாதிரி முகத்துல சுத்திட்டுத்தான வருவா? முதல் ஷாட்ட அதுலயே வை. மூஞ்சி மூடுன ஒரு ஆளு மாடிப்படி ஏறுது, பூட்ட தொறக்குது, எல்லாரும் இதான் வில்லன்னு நெனப்பான், உள்ள வந்து அவுத்தா கழுத்துல ஐடி கார்டு தொங்குது. தனியா மாஸ்க் வாங்கற காசு மிச்சம்.

ஃபோகஸ் புல்லிங்கம்:

மேல சொன்னவரு காபிக்கு ஆவி பறக்கணும்னு சொல்லாம விட்டதே நல்லது, ஏன்னா அத சும்மா ஷூட் பண்ணா கேமராவுல தெரியவே தெரியாது. ஆவி தெரியணும்னா பின்னாடி இருட்டு இருக்கணும், லைட்டு டம்ளருக்குப் பின்பக்கம் இருந்து வரணும். ஃபாக் மெஷினுக்கும் இதே கதைதான், முன்னாடி லைட்டு வச்சா வெறும் வெள்ளைப் படலமா அசிங்கமா இருக்கும்.

உங்க பெரிய எதிரி அந்த பிஸ்தா சுவர்தான். சின்ன ரூம்ல ஒரு லைட்ட போட்டாலே நாலு பக்கமும் பட்டுத் திரும்பி வந்து மூஞ்சியெல்லாம் பச்சையடிச்சு ஃப்ளாட்டா ஆக்கிடும். ஃப்ரேமுக்கு வெளிய கறுப்புப் போர்வை, கறுப்புத் துணி எது கெடச்சாலும் தொங்கவிடுங்க, அந்தப் பக்கத்துக் கன்னம் தானா இருட்டாகும். நடிக்கறவங்கள சுவர்ல இருந்து நாலஞ்சு அடி தள்ளி நிக்க வைங்க. த்ரில்லர்னு உண்மையான இருட்டுல மட்டும் எடுக்காதீங்க, பழைய டிஎஸ்எல்ஆர்ல ஐஎஸ்ஓ (இருட்டுல படத்த வெளிச்சமாக்கற செட்டிங்) ஏத்துனா புள்ளி புள்ளியா வரும். லைட்டு குடுத்துட்டு எக்ஸ்போஷர (கேமரா வாங்கிக்கற வெளிச்சத்த) இறக்குங்க. சிவப்பு லைட்டு எதுக்கு? ஒரு வீட்ல காலைல ஆறு மணிக்கு சிவப்பு வெளிச்சம் எங்க இருந்து வரும்? ஜன்னல் வெளிச்சம் 5600 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்த அளக்கற கணக்கு) பக்கம் இருக்கும், கேமராவுல நிறத்த சரி பண்ற ஒயிட் பேலன்ஸ 3800 கிட்ட வச்சா வீடே நீலமா ஆயிடும், சாமி மாடத்துல எரியற ஒரே ஒரு மஞ்ச பல்பு மட்டும் சூடா நிக்கும். அது போதும்.

செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 செகண்டு வைங்க. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், 1/60 வச்சீங்கன்னா ட்யூப் லைட்டு மினுக்கறது ஃப்ரேம்ல பட்டை பட்டையா ஓடும். அப்புறம் க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) பாடியா இருந்தா 50 எம்எம் உங்களுக்கு 75, 80 மாதிரி ஆயிடும், அதாவது எல்லாம் இன்னும் கிட்ட தெரியும், ஹால்ல முதுக சுவர்ல ஒட்டுனாலும் முழு ஆள் வராது. கேமராவோட சேத்துக் குடுக்கற 18-55 கிட் லென்ஸ் யார்கிட்டயாவது கடன் வாங்குங்க.

கடைசி பெஞ்சு கமெண்ட்:

எல்லாரும் ரொம்ப கிளாஸா பேசறீங்க, ஆனா க்ளாஸ்ல ப்ரொஜெக்டர்ல போடும்போது டம்ளர எவன் கவனிப்பான்? கத்தி ஒண்ணாவது வைங்க ப்ரோ. இல்லன்னா த்ரில்லர்னே தெரியாது.

செட்ல ஆணி அடிக்கிறவன்:

கவனிக்க வைக்கிறதுதான் தம்பி வேலையே. த்ரில்லருக்கே பேர் போன டைரக்டர் ஹிட்ச்காக் 1941ல சஸ்பிஷன் படத்துல ஹீரோ மாடிப்படில பால் கொண்டு போற சீன்ல கிளாஸுக்குள்ளயே சின்ன பல்ப வச்சாரு, இருட்டுல பால் மட்டும் தகதகன்னு தெரிஞ்சுது, அதுல விஷமான்னு எல்லாரும் பதறுனாங்க. நம்ம எவர்சில்வர்ல பல்பு போட்டா ஒண்ணும் தெரியாது, அதனால வேற வழி: மேடைய சுத்தமா காலி பண்ணு. எண்ணெ தூக்கு, மிக்ஸி, மசாலா டப்பா ஒண்ணு கூட ஃப்ரேம்ல வேணாம். காலி மேடைல ஒத்த டம்ளர் இருந்தா ப்ரொஜெக்டர் என்ன, குருடன் கூட பாப்பான். கத்தி வேணும்னா கத்தி இருக்க வேண்டிய இடத்த காலியா காட்டு. கத்தி ஸ்டாண்டுல ஒரு ஓட்ட மட்டும் காலி.

மாடிப்போர்ஷன்:

அண்ணா கத்தி ஸ்டாண்ட் எங்க வீட்லயே கெடயாது, அருவாமணைதான் 😂 ஆனா ஐடியா புரிஞ்சுது. நூல் கட்டுன சுவர தூக்கிட்டேன், ரத்தமும் போச்சு. எனக்கு இப்ப இன்னொண்ணு தோணுது. ஹால்ல தேதி கிழிக்கிற காலண்டர் மாட்டியிருக்கு. அவ தெனமும் வந்ததும் கிழிக்கிறவ, இன்னைக்கு வந்து கை வைக்கப் போனா இன்னைக்குத் தேதி ஏற்கனவே வந்து நிக்குது. காபியும் இதுவும் ரெண்டும் வைக்கலாமா? அப்புறம் ப்ளான எந்த ஃபார்மட்ல எழுதறது?

ஃபோகஸ் புல்லிங்கம்:

காலண்டர் செம. ஆனா ரெண்டுல எது முதல்லன்னு முடிவு பண்ணுங்க. என் கணக்குல காலண்டர் முதல்ல, ஏன்னா நாமளே நேத்து கிழிச்சிட்டமோன்னு அவளே சமாதானம் சொல்லிக்கலாம். அடுத்து காபி வந்தா அந்த சமாதானம் உடைஞ்சுடும். காலண்டர் ஷாட்ல அவளுக்குப் பின்னாடி ரூம் கதவு அரைகுறையா தொறந்து ஃபோகஸ் இல்லாம கெடக்கட்டும், அங்க யாரையும் நிறுத்த வேணாம்.

ப்ளானுக்கு மேல இருந்து பாக்கற மாதிரி வீட்டோட வரைபடம் ஒண்ணு, அதுல கேமரா எங்க, ஜன்னல் எங்க, அவ நடக்கற வழி எது. அதுக்கு அப்புறம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி என்ன, நடுவுல என்ன, பின்னாடி என்ன, வெளிச்சம் எங்க இருந்து, அவ என்ன போட்டிருக்கா, அது அங்க ஏன் இருக்கு. அந்த ஏன்தான் மார்க். லொகேஷனுக்குப் போயி எடுக்கப் போற லென்ஸ்லயே ஸ்டில் எடுத்து ஒட்டுங்க, போன்ல எடுத்தத ஒட்டிட்டு அப்புறம் ஷாட் அந்த மாதிரி வரலன்னு அழக்கூடாது.

செட்ல ஆணி அடிக்கிறவன்:

காலண்டர் பழசு வாங்கு, போன வருஷத்துது யார் வீட்டு அட்டத்துலயாவது கெடக்கும். டேக்குக்கு ஒரு தாள் போகும்ல, அதனால அதே தேதிய நெறைய ஜெராக்ஸ் எடுத்து மேல லேசா பசை வச்சு ஒட்டிக்கோ. கீழ ஜவுளிக்கடை, நகைக்கடை பேரு பெருசா இருக்கும், அத மறைச்சுடு. ஹவுஸ் ஓனர்கிட்டயும் கீழ்வீட்டுக்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடு, விடியக்காலைல மூஞ்சிய மூடிட்டு ஒரு ஆளு மாடிப்படி ஏறுறத பாத்தா அவங்க 100க்கு போன் போட்டுடுவாங்க.